நோட்டுக்கு அட்டை போட்ட நாடு

எங்கள் வீட்டில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டுகளுக்கு அட்டை போட 'சோவியத் நாடு' இதழின் தாள்கள்தான் பயன்பட்டன. அப்பா அதற்குச் சந்தா கட்டியிருந்தார். வழவழப்பான கனத்த தாள், லேசில் கிழியாது. என் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் மேல் கோதுமை வயலும் அதன் நடுவே சிவப்பு அறுவடை எந்திரமும் இருந்தன. மடிப்புக்குள் பாதி மறைந்துபோன படக்குறிப்பில் 'உக்ரைன்' என்ற சொல் மட்டும் தெரிந்தது. அது ஊரா, ஆறா, எந்திரத்தின் பெயரா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆண்டுக்கொரு முறை பேருந்து நிலையத்துக்கு அருகே வந்து நிற்கும் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டியில், மாஸ்கோவில் தமிழிலேயே அச்சான கெட்டி அட்டைப் புத்தகங்களை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். ரஷ்யா என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு அந்தக் காகிதத்தின் வாசனைதான் முதலில் வரும்.

இதை ஏன் முதலில் சொல்லிவிடுகிறேன் என்றால், கீழே எழுதப்போவதைப் படித்ததும் என்னை அமெரிக்கக் கைக்கூலி என்று அழைக்க, உக்ரைன் போரில் ரஷ்யாவுக்காக வாதாடும் சில நண்பர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வாசனைதான் தெரியும். சிக்கலே அதுதான்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் கையெழுத்தான உடன்பாட்டில், அன்றைக்கு உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியலைத் தன் மண்ணில் வைத்திருந்த உக்ரைன் அதைக் கைவிட ஒப்புக்கொண்டதற்குப் பதிலாக, அதன் எல்லைகளை மதிப்போம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டுமல்ல, ரஷ்யாவும் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த எழுத்து, 2014-ல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்டபோது ஒரு முறை கிழிந்தது. எட்டாண்டுகள் கழித்து முழுவதுமாகக் கிழிந்தது. மார்ச் 16 அன்று மரியுபோல் நகரின் நாடக அரங்கின் மேல் குண்டு விழுந்தது. உள்ளே பொதுமக்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வானத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியட்டும் என்று அரங்கின் முன்னும் பின்னும் தரையில் 'குழந்தைகள்' என்று ரஷ்ய மொழியிலேயே பெரிய வெள்ளை எழுத்துகளில் எழுதி வைத்திருந்தார்கள். ரஷ்ய மொழி பேசும் மக்களைக் காப்பாற்றவே வந்ததாகச் சொன்ன ஒரு படையின் முன்னால், ரஷ்ய மொழி அதிகம் புழங்கிய ஒரு நகரம், ரஷ்ய மொழியில் எழுதி வைத்த சொல் அது.

ரஷ்யாவுக்குள் இதைப் போர் என்று சொல்லக்கூடாது, 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றுதான் சொல்ல வேண்டும். படையெடுப்பு தொடங்கி எட்டே நாள்களில், ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று சட்டம் வந்துவிட்டது. மாஸ்கோவின் ஒரு வட்டார மன்றத்தில், குழந்தைகளுக்கான ஓவியப் போட்டி நடத்துவது பற்றிய விவாதத்தின்போது, உக்ரைனில் குழந்தைகள் சாகும் வேளையில் இது எதற்கு என்று கேட்ட உறுப்பினர் அலெக்சேய் கோரினோவுக்கு ஏழாண்டுச் சிறை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்சாந்திரா ஸ்கோச்சிலென்கோ என்ற ஓவியர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து விலைச் சீட்டுகளை எடுத்துவிட்டு, மரியுபோலில் நடந்ததைப் போன்ற செய்திகளைப் பொடி எழுத்தில் எழுதிய சீட்டுகளை அந்த இடத்தில் செருகினார். ஐந்து சீட்டுகள், அதுவும் விலைச் சீட்டின் அளவில். சாமான் வாங்க வந்த மூதாட்டி ஒருவர் புகார் கொடுத்தார். 2023 நவம்பரில் ஸ்கோச்சிலென்கோவுக்கும் ஏழாண்டுத் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார்.

அரசின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட அந்த மூதாட்டியைப் பற்றிய யோசனைதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. ஓர் அரசு அத்துமீறுவதற்கு அதனிடம் இருக்கும் பீரங்கிகள் மட்டும் போதாது. கடைத்தெருவில் விலைச் சீட்டைக் கூர்ந்து படித்துப் புகார் கொடுக்கும் ஆள்களும் வேண்டும். ஆனால் அவருக்காவது தொலைக்காட்சியில் ஒரே பாட்டுதான் காட்டப்பட்டது, மாற்றிச் சொன்னவர்களுக்குச் சிறை காத்திருந்தது. எந்தச் சிறையும் மிரட்டாத தமிழ்நாட்டில், கைப்பேசியில் உலகத்துச் செய்தியெல்லாம் வந்து கொட்டும்போது, தானாக முன்வந்து கிரெம்ளினுக்கு வக்காலத்து வாங்கும் என் நண்பர்களுக்கு என்ன வந்தது?

அவர்கள் முதலில் எடுப்பது அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1999-லும் 2004-லும் நேட்டோ கிழக்கே நகர்ந்தது. 2008-ல் புக்காரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று, எப்போது என்று சொல்லாமலே அறிவித்து வைத்தது. அது பொறுப்பற்ற காரியம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் யாரோடு சேருவான் என்ற பயத்துக்காக அவன் வீட்டைக் கொளுத்தலாம் என்பது எந்த ஊர் நியாயம்? அந்தப் பயத்துக்கு மருந்தாகவாவது இந்தப் போர் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அதுவரை ஒதுங்கியிருந்த பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்ததால், ரஷ்யாவுக்கு அந்தக் கூட்டணியோடு ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் புதிய எல்லை கிடைத்திருக்கிறது. ஸ்வீடனும் அடுத்த ஆண்டே சேர்ந்துவிட்டது.

அடுத்தது 1971. வங்கதேசப் போரின்போது நமக்குத் துணை நின்ற நாடு, ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் நமக்காக வீட்டோ எனும் மறுப்பாணையைப் பயன்படுத்திய நாடு, பிலாய் எஃகு ஆலையைக் கட்டித் தந்த நாடு. அத்தனையும் உண்மை, ஆனால் அந்த நாட்டின் பெயர் சோவியத் ஒன்றியம். அதில் உக்ரைனும் இருந்தது. அன்றைக்குத் தலைமையில் இருந்த பிரெஷ்னெவ் பிறந்ததே இன்றைய உக்ரைனில் இருக்கும் காமியான்ஸ்கே என்ற ஊரில்தான். நம் விமானப்படை இன்றும் ஓட்டும் ஏஎன்-32 சரக்கு விமானங்கள் கீவ் நகரின் அன்டோனோவ் நிறுவனத்தின் வடிவமைப்பு. நம் கடற்படைக் கப்பல்கள் பலவற்றின் எரிவாயுச் சுழலிகள் (கேஸ் டர்பைன்) மிக்கோலாயிவ் நகரிலிருந்து வந்தவை. நன்றிக்கடன் என்று பேசினால் அதில் ஒரு பங்கு அந்த ஊர்களுக்கும் சேர வேண்டியது. அந்த ஊர்களின் மேல்தான் ஏவுகணைகள் விழுகின்றன.

என்னால் சற்றும் விளங்கிக்கொள்ள முடியாதவர் என் நெடுநாள் நண்பர் ஒருவர். மகனுக்கு லெனின் என்று பெயர் வைத்தவர். வீட்டுக் கூடத்தில் லெனின் படத்துக்கு ஒவ்வோர் ஏப்ரல் 22 அன்றும் மாலை போடுபவர். படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு புதின் நிகழ்த்திய நீண்ட தொலைக்காட்சி உரையில், இன்றைய உக்ரைன் முழுக்க முழுக்க லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் உருவாக்கியது, லெனின் கையாண்ட கொள்கை வெறும் தவறல்ல, தவறைவிட மோசமானது என்று சொன்னார். சோவியத் கால அடையாளங்களை அகற்றிய உக்ரைனுக்கு, உண்மையான கம்யூனிச நீக்கம் என்றால் என்னவென்று காட்டத் தயாராக இருப்பதாகவும் சொன்னார். தேசிய இனங்களுக்குப் பிரிந்து போகும் உரிமை உண்டு என்று லெனின் எழுதியதை எங்களுக்குப் படிப்பு வட்டத்தில் வரிவரியாகப் பாடம் நடத்தியவர் இந்த நண்பர்தான். அந்த உரிமையைக் கொடுத்ததே குற்றம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டுப் படையெடுத்தவருக்காக, அவர் முகநூலில் நாள்தோறும் மல்லுக்கட்டுகிறார்.

தமிழுணர்வாளர்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. 1863-ல் ரஷ்யாவை ஆண்ட ஜார் மன்னர் அரசின் உள்துறை அமைச்சர் வாலூயெவ், உக்ரைனிய மொழி என்று தனியாக ஒன்று இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்ற கருத்தை எழுதிச் சுற்றறிக்கை அனுப்பினார். 1876-ல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர், அந்த மொழியில் புத்தகம் அச்சிடுவதற்கும் நாடகம் போடுவதற்கும் தடை போட்டார். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் புதின் தன் பெயரில் எழுதி வெளியிட்ட நெடுங்கட்டுரையை அந்தத் தொடர்ச்சியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 'நீயும் நானும் ஒன்றுதான், அதனால் என்னைப் போல இருந்துவிடு' என்ற பேச்சின் பொருள் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜனவரி 25 அன்று மொழிப்போர் ஈகியருக்கு வீரவணக்கம் செலுத்தும் அதே முகநூல் பக்கத்தில், மறு மாதம் புதின் குதிரை மேல் வீற்றிருக்கும் படம் வந்ததைப் பார்த்து நான் சிரித்தேனா நொந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. 1991 டிசம்பர் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் உக்ரைன் மக்களில் வாக்களித்தவர்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் விடுதலையைத் தேர்ந்தார்கள். ரஷ்ய மொழி அதிகம் புழங்கும் கிழக்கு டொனெட்ஸ்க் வட்டாரத்திலும் 80 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரு மக்கள் தாம் யாரென்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்கள்?

இந்திய அரசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொது அவையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்து வாக்களித்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கிய 35 நாடுகளில் நாமும் ஒன்று. அதற்கு முந்தைய நாள்தான் உக்ரைனின் கார்கிவ் நகரில் கர்நாடகத்து மருத்துவ மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்திருந்தார். பிறகு வேலை என்று ஆசை காட்டப்பட்டுப் போன நம் இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் இறந்துவிட்டதாக 2025 ஜனவரியில் நம் வெளியுறவுத் துறையே சொன்னது. மலிவு எண்ணெய்க்காக இதையெல்லாம் விழுங்கிக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்வது, 'நடுநிலை' என்று பெயர் சூட்டிக்கொள்வதைவிட நேர்மையானது. அந்த எண்ணெய் என் வண்டியிலும்தான் ஓடுகிறது.

கடைசியாக, எந்த வாதமும் நிற்காதபோது வந்து நிற்பது 'அமெரிக்கா மட்டும் யோக்கியமா?' என்ற கேள்வி. இல்லை. 2003-ல் ஈராக் மேல் படையெடுத்தபோது, பேரழிவு ஆயுதம் என்று அவர்கள் சொன்னது பொய் என்று அண்ணா சாலை வெயிலில் நின்று முழக்கமிட்டவர்களில் நானும் ஒருவன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் அந்த லெனினின் அப்பாதான். ஒரு வல்லரசு சாக்குச் சொல்லி இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழையக்கூடாது என்பதற்காக அன்று தொண்டை கட்டிப்போனோம். காவல்துறை வண்டியில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள்; மாலையில் புளியோதரை கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சென்ற வாரம் புதினின் அந்த உரையில் லெனினைப் பற்றிய பகுதியைத் தமிழில் பெயர்த்து நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மொழிபெயர்ப்பில் பிழை இருக்கும் என்றார். கிரெம்ளின் இணையதளத்திலேயே இருக்கும் பக்கத்தை அனுப்பினேன். மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு நீண்ட பட்டியல் வந்தது: வியட்நாம், சிலி, ஈராக், லிபியா. அத்தனையும் சரி என்று எழுதிவிட்டு, கார்கிவில் இருப்பவர் இதில் எதைச் செய்தார் தோழர் என்று கேட்டிருந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்து ஐந்து நாளாகிறது.