பதினொரு அலவாங்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கீழே ஓயா, அதாவது சிற்றாறு, ஓடுகிறது. ஓயாவுக்கும் கடைசிக் காம்பராவுக்கும் நடுவில் அப்பா ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் வைத்திருந்தார். மிஞ்சினால் ஏழெட்டுப் பேர்ச் காணி. லீக்ஸ், கொஞ்சம் போஞ்சி, ஓரத்தில் சேம்பு. அவருக்கு எல்லை என்றால் ஒரு கரும்பாறைதான். பாறையிலிருந்து தண்ணி வரைக்கும் அலவாங்கை (கடப்பாரையை)ப் புரட்டிப் புரட்டிப் போட்டு எண்ணுவார். பதினொன்று வரும். ஒரு மழைக்காலம், ஒரே இராத்திரியில் ஓயா எங்கள் பக்கம் உடைத்துக்கொண்டு வந்தது. விடிந்ததும் போய் எண்ணினார். நாலு.

பிறகு கல் நட வந்தார்கள். யார் அனுப்பியது என்பதை விடுவோம். சிவப்புப் பெயின்ட் அடித்த கல், எங்கள் அடுப்படி வாசலுக்கு ஐந்தடி தள்ளி இறங்கியது. கல்லுக்குக் கீழே உள்ளதெல்லாம் ஆற்று ஒதுக்கு, ஆற்றுக்கென்று விட்ட காணி என்றார்கள். “மாத்தையா, முந்தி ஆறு அங்கிட்டுதானே ஓடுச்சு?” என்று அப்பா கேட்டார். சர்வேயர் கெட்டவர் இல்லை. “ஐயா, இன்னைக்குத் தண்ணி எங்க நிக்குதோ அங்க இருந்துதான் நான் அளக்கணும்” என்றார். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இதே சண்டையை அமெரிக்காக்காரர்கள் சட்டசபை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். டெக்ஸாஸுக்கும் ஒக்லஹோமாவுக்கும் நடுவில் ரெட் ரிவர் ஓடுகிறது. 1819இல் ஸ்பெயினோடு செய்த உடன்படிக்கை ஆற்றின் தென்கரையை எல்லையாக்கியது. கரை என்றால் எது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. தண்ணி கரையின் அடியைத் தொடும் மட்டம் ஒன்று, கரையைத் தாண்டாமல் நிறைந்து நிற்கும் மட்டம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எல்லை. ஆறு கொஞ்சம் கொஞ்சமாக அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று உடைத்துப் பாய்ந்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும்.

அத்தனையும் எழுதிவைத்த பிறகும் தகராறு தீரவில்லை. 116 மைல் நீளத்தில் ஏறத்தாழ 90,000 ஏக்கர் பொதுக் காணியாக இருக்கலாம் என்று மத்திய காணிப் பணியகம் சொன்னதும், உறுதி (காணிப் பத்திரம்) வைத்திருந்த, வரி கட்டிவந்த பண்ணைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அந்தப் பணியகம் தானே அளக்கக்கூடாது, மாநிலம் உரிமம் கொடுத்த சர்வேயர்கள் அளக்கவேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. 2017 பெப்ரவரியில் பிரதிநிதிகள் சபையில் 250க்கு 171 என்று நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை, சட்டமாகவில்லை. ஆனாலும் எனக்கு அந்த மசோதாவைப் பிடித்திருக்கிறது. சங்கிலியின் மற்ற நுனியை யார் பிடிப்பது என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அப்பாவின் ஓயாவும் ஒரே இராத்திரியில்தான் பாய்ந்தது. அந்த விதிப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரிடம் உறுதி இல்லையே. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. எல்லாக் கைமாறலிலும் லயம் மரம் மட்டையோடு சேர்ந்து கைமாறியது, அவ்வளவுதான். நோட்டீஸ் வந்தால் தோட்டத்து ஒபிசுக்குப் போகும். எங்கள் கதவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஆற்றுக்கு இடம் விடத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்ட எவனும் அப்படிச் சொல்லமாட்டான். 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டமே நீரோடைகளைக் காக்க அரச காணியை ஒதுக்க இடம் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் எந்தத் தண்ணியிலிருந்து அளப்பது? ஆடி மாசத்துத் தண்ணியா, மாசி மாசத்துத் தண்ணியா?

தலவாக்கலைக்குப் போய்ப் பாருங்கள். மேல் கொத்மலை அணையில் மறித்த தண்ணியை ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக மின் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். 2012இல் இருந்து 150 மெகாவாட். அணைக்குக் கீழே வெயில் காலத்தில் கொத்மலை ஓயா பாறைக்குள் நூலாகக் கிடக்கும். கதவைத் திறந்தால் சாய்ந்துகொண்டு வரும். அங்கே கரை எது? மழையா தீர்மானிக்கிறது, அணைக் கதவில் இருக்கும் ஆளா? இதற்குப் பதில் எழுதாத எந்த அளவைச் சட்டமும் மலையகத்துக்கு உதவாது.

பாராளுமன்றத்தில் நமக்காகப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது வீட்டுக்கு எத்தனை பேர்ச் என்ற கணக்கை மட்டும் அல்ல. ஆற்றோரத்தை அளக்கிறீர்களா, அளங்கள். கரை எது என்று முதலில் சட்டத்தில் எழுதுங்கள். அரித்து வந்த ஆற்றுக்கும் உடைத்து வந்த ஆற்றுக்கும் வேறு வேறு விதி எழுதுங்கள். உறுதி இருக்கோ இல்லையோ, குடியிருக்கிறவனுக்குத் தமிழில் நோட்டீஸ் கொடுத்து, அவனை நிற்கவைத்து அளங்கள். லயத்துக்குப் போடும் கயிற்றைத் தண்ணி வரைக்கும் இறங்கியிருக்கும் தேயிலைக்கும் போடுங்கள். இதை எங்கள் தொழிற்சங்கத் தலைவர்கள் மேடையில் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் வீடியோவைக் கீழே போடுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இல்லை. அலவாங்கு கூரையில் செருகிய இடத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பாறையிலிருந்து எண்ணினேன். ஏழு வந்தது. ஓயா மெல்ல மெல்லப் பழைய பக்கத்துக்கே போகிறது. சிவப்புக் கல் மட்டும் அடுப்படி வாசலில் அப்படியே நிற்கிறது. தங்கச்சி அதில் துணி காயப்போட்டிருந்தாள்.