ராபின் ஓக்கைத் தூக்கில் போட்டது எந்தக் காலத்தில்?

ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டில் நடக்கும் அந்த நாவலின் விமர்சனத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பகைக் குலத்துப் பெண்ணைக் குதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், கோட்டையில் அடைத்து, பாதிரியார் முன்னால் மிரட்டி மணம் முடிக்கிறான் நாயகன். “எனக்கு இவனைப் பிடிக்கவில்லை, இரண்டு ஸ்டார்தான்” என்று ஒரு தோழி எழுதினார். அவ்வளவுதான் எழுதினார். உடனே எல்லோரும் சரித்திர வாத்தியார் ஆகிவிட்டீர்கள். “ஸ்காட்லாந்து கிளான்னா அப்படித்தான் மேடம்.” “அந்தக் காலத்துல பொண்ணைத் தூக்குறதுதான் கல்யாணமே, சம்மதம்லாம் கிடையாது.” “வரலாறு தெரியாம வரலாற்று நாவல் படிக்காதீங்க.” அவர் பதிவையே நீக்கிவிட்டுப் போய்விட்டார். வெற்றி உங்களுக்கே.

சரி, வரலாற்றுக்கே போவோம். கூப்பிட்டது நீங்கள்தான்.

1750 டிசம்பர். ஸ்டெர்லிங்ஷயரில் எடின்பெல்லி என்ற இடத்தில் ஜீன் கீ என்ற இளம் விதவை தாயோடு இருக்கிறார். வயது 19. கணவர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சொத்து உண்டு, சிக்கலே அதுதான். ஹைலேண்டின் பேர்பெற்ற கொள்ளைக்காரன் ராப் ராய் மெக்ரெகரின் மகன்கள் இரவில் ஆயுதங்களோடு வீட்டுக்குள் நுழைகிறார்கள். கதறக் கதறக் குதிரையில் ஏற்றி, லாக் லோமண்ட் ஏரிக்கரையில் இருக்கும் ரோவர்டென்னனுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அண்ணன் ஜேம்ஸ் மோர் அந்தப் பெண்ணைப் பிடித்து நிறுத்த, பாதிரியார் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் மந்திரம் சொல்ல, கடைசித் தம்பி ராபின் ஓக்குக்குக் கல்யாணம் நடக்கிறது. உங்கள் நாவலில் இந்த இடத்தில் நாயகியின் இதயம் படபடக்கும். நிஜத்தில் என்ன நடந்தது தெரியுமா? நீதிமன்றம் ஜீனின் சொத்தை முடக்கி வைத்தது. சொத்து கைக்கு வராது என்றானதும் தூக்கிப்போனவர்களின் கணக்கு கெட்டது. ஜீன் எடின்பரோவுக்கு வந்து, நடந்ததைச் சத்தியப்பிரமாணத்தோடு எழுதிக் கொடுத்தார். 1751 அக்டோபரில் கிளாஸ்கோவில் அம்மை கண்டு இறந்தும் போனார். ஆனால் வழக்கு சாகவில்லை. 1752இல் ஜேம்ஸ் மோரை விசாரித்தார்கள். அவன் எடின்பரோ கோட்டைச் சிறையிலிருந்து செருப்புத் தைப்பவன் வேடத்தில் தப்பி பிரான்சுக்கு ஓடினான். ராபின் ஓக் மாட்டிக்கொண்டான். 1754 பிப்ரவரியில் தூக்கு.

அந்தக் காலத்தில் அப்படித்தான். ஆமாம். தூக்கில்தான் போட்டார்கள்.

“அது அரசியல். 1745இல் அரசருக்கு எதிராக ஹைலேண்டில் நடந்த கிளர்ச்சிக்கு அப்புறம் மெக்ரெகர்கள் மேல் அரசாங்கத்துக்கு இருந்த கோபம்” என்று ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். கோபம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொடுத்தது அரசாங்கம் இல்லை, ஜீன். மேலே போவோம்.

1697. ஃப்ரேசர் குலத் தலைமைக்கு ஆசைப்பட்ட சைமன் ஃப்ரேசர் முதலில் குறிவைத்தது, இறந்துபோன குலத் தலைவர் லவட் பிரபுவின் மகளை. வாரிசு அவள்தான். அது நடக்கவில்லை என்றதும் அவளுடைய தாயைப் பிடித்தான். அமீலியா மர்ரே, அத்தோல் பிரபுவின் மகள். அவளுடைய வீட்டிலேயே அடைத்து வைத்து, மிரட்டிக் கல்யாணம் முடித்து, உடையின் கட்டுகளைக் குறுவாளால் அறுத்து, அலறல் வெளியே கேட்காமல் இருக்க பேக்பைப் வாத்தியத்தை ஊதச் சொன்னார்கள். ஹைலேண்ட் ரொமான்ஸ் என்றதும் உங்கள் காதில் ஒலிக்கிறதே ஒரு பைப் இசை, அதே வாத்தியம். அத்தோல் குடும்பம் சும்மா இருந்ததா? 1698இல் அவன் இல்லாமலேயே விசாரணை நடந்து, ராஜத்துரோகி என்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவனும் அந்தக் கல்யாணத்தைக் கல்யாணமாகவே மதிக்காமல் பின்னால் வேறு பெண்ணை மணந்தான்.

“எங்க நாவல் 1540ல நடக்குது, நீங்க ஏன் பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போறீங்க?” நல்ல கேள்வி. 1540இல் ஸ்காட்லாந்தில் இருந்தது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். அதில் மணமக்களின் சம்மதம்தான் கல்யாணம். வற்புறுத்தியும் பயமுறுத்தியும் நடந்த மணம் செல்லாது. பெண்ணுக்கு 12, பையனுக்கு 14 வயது போதும் என்றும் அதே சட்டம்தான் சொன்னது. அதை நான் மறைக்கவில்லை. 12 வயதுக் குழந்தையின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பது வேறு விஷயம். ஆனால் சம்மதம் என்ற ஒன்றே அந்தக் காலத்தில் இல்லை என்று நீங்கள் அடித்துச் சொன்னீர்களே, அது பொய்.

ஸ்காட்லாந்தின் கோடர் கோட்டையைச் சேர்ந்த மியூரியலைச் சொல்லி மடக்கலாம் என்று சிலர் காத்திருப்பீர்கள். சொத்துக்கு வாரிசான கைக்குழந்தை. 1499இல் கேம்பெல் குலத்தார் தூக்கிப்போனார்கள். பின்னாளில் ஆளை மாற்றிவிட்டால் அடையாளம் வேண்டுமே என்று குழந்தையின் விரல் நுனியைக் கடித்து எடுத்தார்கள் என்று கதை. வழியில் குழந்தை செத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, லாக் ஆ என்ற ஏரியின் கரையில் செம்பட்டை முடிப் பெண் குழந்தை ஒன்று இருக்கும்வரை மியூரியல் சாக மாட்டாள் என்று பதில் வந்ததாம். 1510இல் சர் ஜான் கேம்பெலுக்கு மணம் செய்து வைத்தார்கள். நீண்ட காலம் வாழ்ந்தார். சரி, இதில் காதல் எங்கே இருக்கிறது? நிலப்பத்திரத்தை எடுத்துப்போவதுபோல ஒரு குழந்தையை எடுத்துப்போயிருக்கிறார்கள்.

அதே ஜான் கேம்பெலுக்கு ஒரு சகோதரி. டூவர்ட் கோட்டையின் குலத் தலைவன் லாக்லன் மெக்லீனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மனைவி வேண்டாம் என்று தோன்றியதும், அலை ஏறினால் மூழ்கிவிடும் ஒரு பாறையில் அவளைக் கொண்டுபோய் விட்டான் மெக்லீன். மல் தீவுக்குப் பக்கத்தில் அந்தப் பாறைக்கு இன்றைக்கும் லேடீஸ் ராக் என்றுதான் பெயர். மீனவர்கள் காப்பாற்றிப் பிறந்த வீட்டில் சேர்த்தார்கள் என்கிறது கதை. 1523இல் எடின்பரோவில் வைத்து மெக்லீனைக் கொன்றார் ஜான் கேம்பெல். இந்த நாவல்கள் தொடர்ந்து கோட்டைவிடும் இடம் இதுதான். கல்யாணம் ஆனதும் பெண் புருஷன் குலத்தில் கரைந்துபோவதில்லை. அப்பன் குலப்பெயரைத்தான் சாகும்வரை வைத்திருப்பாள். அவளுக்கு ஒன்று என்றால் அண்ணன் தம்பி வாளோடு வருவார்கள். உங்கள் நாயகியைத் தூக்கிப்போய் முந்நூறு பக்கம் ஆகிறது, அவளுடைய ஆட்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? ஆட்டுமந்தை மேய்க்கிறார்களா?

பகைக் குலங்களுக்கு நடுவில் கல்யாணம் நடக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. நிறைய நடந்தது, பேசி முடித்து நடந்தது. அந்தப் பேச்சில்தான் நாவலாசிரியருக்கு வேண்டிய அத்தனை பதற்றமும் இருக்கிறது. டோஹர் என்கிற சீதனமாக எத்தனை மாடு, எந்தத் தவணையில்? கணவன் செத்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் வருமானம் விதவைக்கு ஆயுள் முழுக்க. அதற்கு டெர்ஸ் என்று பெயர். உயிரோடு குழந்தை பிறக்காமல், ஒரு வருடமும் ஒரு நாளும் முடிவதற்குள் தம்பதியில் ஒருவர் இறந்தால் சீதனம் திரும்பப் போக வேண்டும். அப்போது மாட்டை யார் திருப்பிக் கொடுப்பது, வழியில் செத்த மாட்டுக்கு யார் பொறுப்பு? பகை மூள இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? சீதனம் மாடாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மெக்டானல்ட் தலைவர் ஒருவரின் விதவையான ஆக்னஸ் கேம்பெல் 1569இல் அயர்லாந்தின் குலத் தலைவர் டர்லக் ஓநீலை மணந்தபோது சீதனமாகக் கொண்டுபோனது சுமார் 1,200 போர்வீரர்களை. கேம்பெல் வீட்டுப் பெண், மெக்டானல்டுக்கு வாழ்க்கைப்பட்டு, பிறகு ஒரு படையோடு கடல் கடக்கிறாள். இவளைப் பற்றி எழுதுங்களேன் ஐயா.

ஹேண்ட்ஃபாஸ்டிங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் விட மாட்டீர்கள். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பெண்ணைத் திருப்பி அனுப்பலாம் என்ற அந்த வழக்கம் நாவல்களில் சர்வசாதாரணம். அப்படி ஒன்று நிஜமாகவே இருந்ததா என்று வரலாற்றாசிரியர்களுக்கே பெரிய சந்தேகம். இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்கை தீவின் பழங்கதைப்படி, ஸ்லீட்டின் மெக்டானல்ட் தலைவன் டோனல்ட் கோர்ம் மோர், மெக்லாட் தலைவரின் சகோதரி மார்கரெட்டை அப்படித்தான் திருப்பி அனுப்பினான். அவளுக்கு ஒரு கண் பழுது. ஒற்றைக்கண் குதிரை, ஒற்றைக்கண் வேலையாள், ஒற்றைக்கண் நாய் சகிதமாக அனுப்பினானாம். அந்தச் சண்டை 1601இல் கூலின் மலையடிவாரத்தில் பெரும் போராக முடிந்தது. ஒரு பெண்ணை அவமானப்படுத்தியதற்கு அங்கே என்ன விலை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“நாவல்தானே, எதுக்கு இவ்ளோ டென்ஷன்?” டென்ஷனை ஆரம்பித்தது நானா? முரட்டு நாயகன் பிடிக்கும், தூக்கிப்போகிற காட்சி பிடிக்கும் என்றால் நேராகச் சொல்லிவிட்டுப் படியுங்கள். நம் ஆன்லைன் குடும்ப நாவல்களில் கடத்திப்போய்த் தாலி கட்டும் ஆன்டி-ஹீரோவை லட்சக்கணக்கில் படிக்கிறோம், யாரும் அதற்கு வரலாற்றைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. ரசனைக்குச் சாட்சி தேவையில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருத்தியின் வாயை அடைக்க வரலாற்றைக் கட்டையாக எடுத்தால் மட்டும் நான் குறுக்கே வருவேன்.

இன்பாக்ஸில் வந்து “நீங்க என்ன பெரிய ஹிஸ்டரி புரொஃபசரா?” என்று கேட்டவருக்கும் சேர்த்துத்தான். இல்லை. ஆனால் 1540இல் நாயகிக்கு உருளைக்கிழங்கு சூப் கொடுக்கும் நாவலை “செம ரிசர்ச்” என்று நீங்கள் பாராட்டும்போது நான் சும்மாதான் இருந்தேன். ஹைலேண்டில் உருளைக்கிழங்கு பயிரானது பதினெட்டாம் நூற்றாண்டில். அட்டையில் குலத்துக்கொரு டார்ட்டன், அதாவது கட்டம் போட்ட துணி, போட்டிருந்ததே, அது 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்ததை ஒட்டிச் சூடுபிடித்த வியாபாரம். அதற்கும் வாய் திறக்கவில்லை. ஓட்ஸும் பாலும் வெண்ணெயும் இல்லாத ஹைலேண்ட் சாப்பாட்டுக்கெல்லாம் யாரும் அழப்போவதில்லை.

இது வேறு. “அந்த மலை ஜனங்க காட்டுமிராண்டிங்க, அப்படித்தான் இருப்பாங்க” என்று ஒருவர் சிரிப்பு எமோஜியோடு எழுதியிருந்தார். அந்த வாசகத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது ஐயா. எடின்பரோவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஹைலேண்டர்களைப் பற்றிச் சொன்னது அதைத்தான். 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மெக்ரெகர்கள் கொல்கூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள், கொடூரம்தான். அதற்கு வந்த தண்டனை என்ன? மெக்ரெகர் என்ற பெயரையே யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்தால் மரணம். 1661இல் தடை நீங்கியது, 1693இல் திரும்ப வந்தது, முழுதாக விலகியது 1774இல். 1692 பிப்ரவரி 13 விடியற்காலையில் கிளென்கோ பள்ளத்தாக்கில் மெக்டானல்டுகளில் சுமார் 38 பேரைக் கொன்ற அரசாங்கச் சிப்பாய்கள், ஏறக்குறைய இரண்டு வாரம் அவர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டவர்கள். ராஜவிசுவாசப் பிரமாணம் எடுக்கக் கெடு ஜனவரி 1. மெக்டானல்டுகளின் தலைவரான கிழவர் மெக்கெய்ன் ஃபோர்ட் வில்லியத்துக்குப் போனார். அங்கே முடியாது, இன்வெரரிக்குப் போ என்று அனுப்பினார்கள். பனியில் அலைந்து 6ஆம் தேதி எடுத்தார். அந்தத் தாமதம் போதுமானதாக இருந்தது. சிப்பாய்களின் தலைவன் கேம்பெல் ஆஃப் கிளென்லையனின் சொந்தக்காரப் பெண்தான் மெக்கெய்னின் மருமகள். பேசி முடித்த பகைக்குலக் கல்யாணம், அதுவும் காப்பாற்றவில்லை. இத்தனைக்கும் முகாந்திரமாக இருந்தது, அவர்கள் காட்டுமிராண்டிகள், திருடர்கள் என்ற அதே பேச்சு. சிரிப்பு எமோஜியை எங்கே போடுகிறோம் என்று கொஞ்சம் பார்த்துப் போடலாம்.

“ஆதாரம் எங்கே?” என்று கேட்டு இன்றும் கமெண்ட் வரும். ராப் ராயின் மூன்று மகன்கள் மீதான வழக்கு விசாரணை 1818இலேயே எடின்பரோவில் தனி நூலாக அச்சாகியிருக்கிறது. ஜீன் கீ சொன்னது அதில் இருக்கிறது. படித்துவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். படிக்காமல் வருகிறவர்களுக்கு பிளாக் பட்டன்.