இனிஷியல் சிக்கலும் நாடாளுமன்றக் கேள்வியும்

‘ஓட்டு வாங்கிக்கொண்டு போனவர் தொகுதிப் பக்கமே தலைகாட்டவில்லை’ என்பதுதான் நாடாளுமன்ற உறுப்பினர் மீது நாம் வைக்கும் முதல் புகார். ‘டெல்லியில் இருக்கிறார்’ என்பது அவரது கட்சிக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் பதில். அந்தப் பதிலை நான் முழுதாக நம்புவதில்லை. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவை ஐந்தாண்டுகளில் மொத்தமே 274 நாட்கள்தான் கூடியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 நாட்கள். குழுக் கூட்டங்களையும் பயணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மிச்ச நாட்களில் தொகுதியில் இருக்கத் தாராளமாக நேரம் உண்டு. அதே சமயம், அந்தப் புகாரோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் நாம், கூடிய அந்த 55 நாட்களில் அங்கே என்ன செய்தார் என்று கேட்பதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் மனுக்களைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றும் வேலையில் இருந்தேன். அவர் யார், எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வருகிற மனுக்களில் பாதிக்கு மேல் எம்.பி.க்குச் சம்பந்தமே இல்லாதவை. பட்டா மாறுதல் வட்டாட்சியர் அலுவலக வேலை, தெருவிளக்கு ஊராட்சியின் வேலை, ரேஷன் அட்டை மாநில உணவுத் துறையின் வேலை. ஆனாலும் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத விதி. எல்லோருக்கும் லெட்டர்பேடில் நான்கு வரி, கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் பச்சை முத்திரை. அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு போன பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வேலையை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது. அரசு அலுவலகத்தில் நான்கு முறை அலைந்து திரும்பிய ஒருவருக்கு, தன் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமில்லை.

என் ஆதங்கம் வேறு. மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் வந்தார். அவருக்குச் சேர வேண்டிய பி.எப். பென்ஷன் நின்றுபோயிருந்தது. காரணம், ஆதாரில் அவருடைய இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாக நின்றது, பி.எப். பதிவிலோ அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் இருந்தது. கணினிக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். பெயரைத் திருத்த, தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திட்ட படிவம் கேட்டார்கள். ஆலையே இல்லாதபோது யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? “எங்கப்பா பேரை நான் எங்கே வெச்சா என்ன தம்பி, நான் ஒருத்தன்தானே?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.பி. கடிதம் கொடுத்தார், அலுவலகத்துக்குத் தொலைபேசியிலும் பேசினார், மூன்று மாதத்தில் பென்ஷன் வந்தது. அவரைப் பொறுத்தவரை எம்.பி. தன் கடமையைச் செய்துவிட்டார்.

பதிவேட்டைப் புரட்டினால் அதே ஆண்டில் அதே சிக்கலோடு வந்தவர்கள் இன்னும் பலர். குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாத தமிழர்களை, முதற்பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்ட மென்பொருளுக்குள் அடைக்கப் பார்ப்பதால் வருகிற கோளாறு இது. ஒரு மனிதரின் குறை அல்ல. இதைத் தீர்க்க வேண்டிய இடம் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம். அந்த அமைச்சரை எழுத்துமூலம் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இல்லை, கவுன்சிலருக்கு இல்லை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் பதில் தரும் குறியிடாத கேள்விகள் 230 வரை ஏற்கப்படுகின்றன. பதினைந்து நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் வர வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும், பெயர் முரண்பாட்டால் மாநிலவாரியாக எத்தனை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, நிறுவனம் மூடப்பட்டிருந்தால் யார் சான்றளிப்பது என்று இரண்டு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? நானே வரைவு எழுதிக் கொடுத்தேன். அந்தக் கூட்டத்தொடரில் அது போகவில்லை, அடுத்ததிலும் போகவில்லை. ‘இதைக் கேட்டால் பேப்பரில் வராது’ என்றார் உதவியாளர். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் சங்கடம்.

இங்கே 1993ஆம் ஆண்டை நினைத்துக்கொள்வது வழக்கம் எனக்கு. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசமைப்பு அந்தஸ்து தந்த 73, 74ஆவது திருத்தங்கள் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது; தெருவிளக்கு நகராட்சியின் வேலை என்று பன்னிரண்டாவது அட்டவணையிலேயே எழுதிவைத்தார்கள். அமைச்சகங்களைத் துருவிப் பார்க்கும் துறைவாரி நிலைக்குழுக்கள் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் தொகுதி மேம்பாட்டு நிதியும் வந்து சேர்ந்தது. உள்ளூர் வேலையை உள்ளாட்சியிடம் கொடுத்த கையோடு, அதே வேலையைச் செய்ய எம்.பி.யிடம் தனியாகப் பணமும் கொடுத்தார்கள். இந்த மூன்றில் நமக்குத் தெரிந்தது எது என்றால், நிழற்குடையின் நெற்றியில் பெயர் எழுதப்படுகிறதே, அந்த நிதி மட்டும்தான்.

அந்த நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி என்பது ஆறு சட்டமன்றத் தொகுதிகள். 2024 தேர்தலின்போது வாக்காளர்கள் சராசரியாக 15 லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு முப்பது ரூபாய் சொச்சம். அதையும் அவர் பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஒப்புதல் தந்து வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். அதே உறுப்பினர் கைதூக்கி ஒப்புதல் தர வேண்டிய மத்திய நிதிநிலை அறிக்கை 2024-25இல் 48 லட்சம் கோடி ரூபாய். முதல் கணக்குக்கு நாம் தெருமுனையில் நின்று விளக்கம் கேட்கிறோம், இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

டெல்லியில் கேட்க என்ன இருக்கிறது, கட்சிக் கொறடா சொன்னபடி கை தூக்குவதுதானே என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம் என்று 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, வாக்கெடுப்பைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெருமளவு சரி. ஆனால் கேள்வி கேட்பதற்குக் கொறடா குறுக்கே நிற்பதில்லை. நிலைக்குழுவிலும் கொறடா உத்தரவு போடும் வழக்கமில்லை. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 பேர் மூடிய அறையில் உட்கார்ந்து செயலாளர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கும் இடம் அது. கேமரா கிடையாது, ஆகவே கைதட்டலும் கிடையாது. 15ஆவது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது 16 ஆகச் சரிந்தது. அரசு அனுப்ப விரும்பவில்லை என்பது முதல் காரணம். அனுப்பாததற்காக எந்தத் தொகுதியிலும் ஒருவரும் கோபப்படவில்லை என்பதையும் நான் காரணமாகவே பார்க்கிறேன். காதுகுத்துக்கு வராத எம்.பி. மீது வருகிற கோபத்தில் கால் பங்குகூட, குழுக் கூட்டத்துக்குப் போகாத எம்.பி. மீது நமக்கு வருவதில்லையே.

எம்.பி. மனு வாங்குவதை நிறுத்திவிட்டு டெல்லியிலேயே தங்க வேண்டும் என்பது என் வாதமல்ல. மனு வாங்காதவருக்குக் கேட்பதற்குக் கேள்வியே கிடைக்காது. அந்த ஆலைத் தொழிலாளி வந்து சொல்லியிருக்காவிட்டால் இனிஷியல் ஒருவரின் பென்ஷனை நிறுத்தும் என்று எனக்கே தெரிந்திருக்காது. பதிவேட்டில் ஒரே மாதிரி மனு பத்து சேர்ந்துவிட்டால், பதினொன்றாவது கடிதத்தை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வியை எழுத வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பென்ஷன் கைக்கு வந்த பிறகு அந்தப் பெரியவர் நன்றி சொல்ல மறுபடி வந்தார். கூடவே அதே ஆலையில் அவரோடு வேலை பார்த்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கும் இனிஷியல்தான் சிக்கல். பழைய கடிதத்தைக் கணினியில் திறந்து, பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றி, கையெழுத்துக்கு வைத்தேன்.