25,000 மணி நேரமாம்!

பல்புப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 25,000 மணி நேரம் எரியும் என்று போட்டிருக்கிறான். டவுன்ஹால் ரோட்டில் வாங்கி மாட்டிய எல்.இ.டி. பல்பு அடுத்த சித்திரைத் திருவிழா வரைகூடத் தாங்காமல், மினுக் மினுக்கென்று அடித்து அணைந்தே போனது. உள்ளே வரிசையாகக் கோர்த்திருக்கும் பொட்டு விளக்குகளில் ஒன்றில் கரும்புள்ளி விழுந்தால் போதும், மொத்தமும் அவுட். இல்லையென்றால் மதுரை வெயிலும் பல்பின் சூடும் சேர்ந்து, உள்ளே மின்சாரத்தைத் தேக்கித் தருகிற கெப்பாசிட்டர் என்ற குட்டிப் பாகம் உப்பிவிடும். அதை மாற்றினால் டீக்காசு செலவு. அப்புறம் எதற்குப் பிரிக்கவே முடியாதபடி பசை போட்டு ஒட்டுகிறான்? மிக்சி, ஃபேன், இயர்போன், எதைக் கொண்டுபோனாலும் “இதுக்கெல்லாம் ஸ்பேர் வராதுண்ணே, புதுசா வாங்கிக்கங்க” என்கிறார் கடைக்காரத் தம்பி. பற்றிக்கொண்டு வருகிறது. 1924-இல் ஜெனீவாவில் பல்பு கம்பெனிகளெல்லாம் கூட்டணி போட்டு, 1,000 மணி நேரத்துக்கு மேல் எரிகிற பல்புக்கு அபராதம் வைத்த தொழில்தானே இது! உழைக்கிற பொருளைச் செய்யத் தெரியாமலா இப்படிச் செய்கிறார்கள்?