குடியாத்தம் லுங்கித் துணியில் ஒரு சமையலறைத் திரை

சமையலறை ஜன்னலுக்குத் துணித்திரையும் மஞ்சள் வெளிச்சமும் போடச் சொல்லும் கட்டுரை அருமை. ஆனால் எந்தத் துணி என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! பாலியஸ்டரில் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பு உள்ள இடத்துக்குப் பருத்திதான் சரி, அதுவும் அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஜன்னலில் பாதி உயரத்துக்கு மட்டும்.

நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மேற்கு பார்த்த ஜன்னல். சித்திரை மாதம் மூன்று மணிக்கு மேல் அங்கே நிற்கவே முடியாது. குடியாத்தத்தில் நெய்த கட்டம் போட்ட லுங்கி ஒன்றை அம்மா இரண்டாகக் கிழித்துத் தைத்து மாட்டினார். இப்போது எவர்சில்வர் டப்பாக்களின் பளபளப்புகூடக் கண்ணைக் கூச வைப்பதில்லை. திரையில் மஞ்சள்தூள் கறை பட்டால் சோப்பு போட்டதும் சிவக்கும், பயப்படாதீர்கள். அலசிவிட்டு எங்கள் ஊர் வெயிலில் காயப்போட்டால் தானாக வெளுத்துவிடும்.

விளக்கு பற்றி ஒன்று. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டை எடுத்துவிட்டு 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டோம். இரவில் சாப்பிட உட்கார்ந்தால் அவ்வளவு இதம். அப்புறம்தான் தெரிந்தது, கீரை ஆய அது போதாது என்று. மேடைக்கு மேலே 4000 கெல்வினில் இன்னொரு விளக்கு வைத்தோம். அதற்குத் தனி சுவிட்ச் போடும்படி எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.