நடைபாதைக் கடைக்காரர்களை உடனே அகற்றலாமா?

"நடைபாதைக் கடைகள் அனைத்தும் சட்டவிரோதம். எந்த நேரத்திலும் அகற்றலாம், பிடித்த பொருளைத் திருப்பித் தர வேண்டியதில்லை" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அது தவறு.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுத்து அனைவருக்கும் சான்றிதழ் தரும்வரை ஒருவரையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது (பிரிவு 3). பிறகும் 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். அதற்கும் நகராவிட்டால்தான் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அப்போதும் கைப்பற்றியவற்றைப் பட்டியலிட்டு, கையெழுத்திட்ட நகலைக் கொடுக்க வேண்டும். உரிமை கோரினால் அழுகக்கூடியவை அன்றே, மற்ற பொருள்கள் இரண்டு வேலை நாட்களுக்குள் திரும்ப வேண்டும். பூக்காரம்மாவின் கூடையிலுள்ள மல்லிகை மறுநாள் கிடைத்து யாருக்கு லாபம்? சட்டம் எழுதியவர்களுக்கு அது புரிந்திருக்கிறது; செய்தி எழுதியவருக்குத்தான் புரியவில்லை.

அதற்காக எங்கு வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்றும் பொருளல்ல. விற்பனை கூடாத பகுதிகளை அறிவிக்கலாம். நிபந்தனையை மீறினால் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எது எந்தப் பகுதி என்பதில், இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவுக்கும் பங்குண்டு. அதில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள்.

மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் சட்டத்தின் முழு வாசகம் இருக்கிறது. 3, 18, 19ஆம் பிரிவுகளைப் படித்தாலே போதும். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.