புருலியாக்காரர்கள் பாடி வாங்கிய மாவட்டம்

நவம்பர் 1 வந்தால் நம் பக்கம் மொழிவாரி மாநிலப் பேச்சு தொடங்கிவிடும். பொட்டி ஸ்ரீராமுலு, மார்ஷல் நேசமணி, தேவிகுளம், பீர்மேடு என்று ஒரு சுற்று போகும். தப்பில்லை, பேச வேண்டியதுதான். ஆனால் 1956இல் கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்த அதே நவம்பர் 1ஆம் தேதி பீகாரிலிருந்து பிரிந்து மேற்கு வங்கத்தோடு சேர்ந்த ஒரு மாவட்டம் இருக்கிறது. புருலியா. அதைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தை எழுதி நான் பார்த்ததில்லை.

நம்மில் பலருக்கு அது ஒரு ரயில் பெயர். விழுப்புரம் பக்கம் வரும் புருலியா எக்ஸ்பிரஸ். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிகளும் கூலி வேலைக்கு வரும் பையன்களும் ஏறி இறங்கும் வண்டி. கொஞ்சம் வயதானவர்களுக்கு 1995 டிசம்பரில் அங்கே விமானத்திலிருந்து ஆயுதம் கொட்டிய செய்தி ஞாபகம் இருக்கலாம். கல்கத்தாக்காரர்களைக் கேட்டால் இன்னும் மோசம். "வறண்ட பூமி, வசந்தத்தில் புரசம்பூ, சௌ என்ற முகமூடி நடனம்" என்று முடித்துக்கொள்வார்கள். ஏழை மாவட்டம், அழகான ஆட்டம். இந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய பெயர் மான்பூம். 1912இல் வங்கத்திலிருந்து வெட்டி பீகார்–ஒரிசா மாகாணத்தோடு ஒட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பீகார் அரசு பள்ளிக்கூடங்களில் இந்தியைத் திணிக்க ஆரம்பித்தது. அதை எதிர்த்தவர்கள் மாவட்டக் காங்கிரஸ்காரர்களே. அதுல் சந்திர கோஷ் முதலான காந்தியவாதிகள் 1948இல் கட்சியை விட்டு வெளியே வந்து லோக் சேவக் சங்கம் தொடங்கினார்கள். அப்புறம் அவர்கள் கையில் எடுத்தது துசுப் பாட்டை.

துசு அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் அறுவடைத் திருவிழா. அவர்களுடைய பௌஷ மாதம் நம் மார்கழிதான். மாதம் முழுக்க ராத்திரியில் பெண்கள் கூடி உட்கார்ந்து பாடுவார்கள். நமக்குப் பாவை நோன்பு ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் துசுவில் பூசாரி கிடையாது, மந்திரம் கிடையாது, எழுதி வைத்த பாசுரமும் கிடையாது. உமியும் செண்டுமல்லிப்பூவும் வைத்த மண்சட்டிதான் தெய்வம். பாட்டில் மாமியார் வருவாள், குடிகாரப் புருஷன் வருவான், அரிசி விலை வரும், பக்கத்துத் தெருக்காரிகளின் துசுவைக் கிண்டலடிக்கும் வரிகளும் வரும். அந்த வருஷம் மனதில் என்ன இருக்கிறதோ அது அந்த வருஷத்துப் பாட்டு. தை பிறக்கும் அன்று மூங்கிலும் வண்ணக் காகிதமும் வைத்துக் கட்டிய சௌடல் என்ற சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு காசாய் ஆற்றுக்கோ பக்கத்துக் குளத்துக்கோ போய்க் கரைத்துவிட்டு வருவார்கள்.

1954 ஜனவரியில் அந்தப் பாட்டில் மொழி வந்தது. கூட்டம் கூட்டமாக ஊர்வலம் போய்த் துசு பாடினார்கள், பாடியவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அதுல் கோஷின் மனைவி லாவண்ய பிரபா கோஷ் மாதிரி பெண்களும் உள்ளே போனார்கள். மேடைப் பேச்சாளரைத் தடை செய்யலாம், பத்திரிகையை முடக்கலாம். வீட்டுத் திண்ணையில் பெண்கள் கட்டும் பாட்டை எந்த அரசு தடை செய்யும்? அதற்குப் பெரும்பாலும் ஆசிரியர் யார் என்றே சொல்ல முடியாது. இந்தியாவில் நடந்த மொழிப் போராட்டங்களிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

1956இல் வங்கத்தையும் பீகாரையும் ஒரே மாநிலமாக்கிவிடலாம் என்று இரண்டு முதலமைச்சர்களும் யோசனை சொன்னார்கள். அதை எதிர்த்து ஏப்ரல் 20ஆம் தேதி பாக்பிரா என்ற கிராமத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் பேர் கல்கத்தாவுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். மே 6ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள், மறுநாள் கைதானார்கள். பழைய மான்பூமில் ஒரு பகுதிதான் கடைசியில் வங்கத்துக்குக் கிடைத்தது. நிலக்கரி இருந்த தன்பாத் பீகாரிலேயே நின்றுவிட்டது. சாண்டில், பட்டம்தா, இச்சாகட் பகுதிகளை ஜாம்ஷெட்பூர் தொழிற்சாலைக்காக விட்டுக்கொடுத்தார்கள். ஆக, புருலியாவுக்குக் கிடைத்தது மொழியும் மேட்டு நிலமும்.

அந்த நிலத்தையும் சொல்ல வேண்டும். மழை அங்கே குறைவு என்று நினைக்காதீர்கள், நம்மூர்ப் பல மாவட்டங்களை விட அதிகம். பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டி, சரிவில் ஓடிவிடுகிறது. மேட்டு நிலம் பாயித், நடுவில் கானாலி, பள்ளத்தில் பஹால் என்று உழவர்கள் பிரித்துச் சொல்வார்கள். பஹால் வைத்திருப்பவன் பிழைப்பான். மற்றவர்கள் ஒரு போக நெல்லை நம்பிக் காலம் தள்ள முடியாமல் நடவுக்கும் அறுப்புக்கும் குடும்பத்தோடு கிழக்கே பர்த்வான் பக்கம் இறங்குவார்கள். அதற்கு "நாமால்" போவது என்று பெயர். இப்போது பையன்கள் அதைவிடத் தொலைவாக, நம் ஊர் வரை வருகிறார்கள். கட்டட வேலையில் அவனைப் பார்த்து "இந்திக்காரன்" என்கிறோம். அவன் பாட்டி இந்தித் திணிப்பை எதிர்த்துப் பாடி ஜெயிலுக்குப் போனவளாக இருக்கலாம் சார்.

சௌ ஆட்டம் பற்றி ஒன்று. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, சரிதா கிராமத்து முகமூடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அது சித்திரைப் பிறப்பையொட்டிய சிவன் விழாவில் தம்சா முரசு அதிர ராத்திரி முழுக்க ஆடுவது. புருலியாவில் இருக்கும் அயோத்தியா மலை விடுதிகளில் சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் ஆடவைத்து அனுப்புகிறார்கள். கலைஞருக்கு நாலு காசு வருகிறதே என்பார்கள். வரட்டும். விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு மாவட்டத்தையே பார்த்ததாகப் பேசும்போதுதான் எரிச்சல் வருகிறது.

இன்றைக்கு அங்கே பெரிய பிரச்சினை வேறு. குர்மி மஹதோ சமூகத்தார் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2022லும் 2023லும் குஸ்தாவுர் ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எத்தனை வண்டி ரத்து என்பதுதான் பெரும்பாலும் செய்தியானது. ஏற்கனவே பட்டியலில் இருக்கும் சாந்தால் பழங்குடியினரின் அமைப்புகள் இந்தக் கோரிக்கையை எதிர்க்கின்றன, தங்கள் பங்கு குறையும் என்ற அவர்கள் பயமும் நியாயமானது. பட்டியல் விஷயத்தில் தூரத்தில் இருந்து தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் குர்மிகள் கேட்கும் இன்னொன்று, தங்கள் தாய்மொழியான குர்மாலிக்கான இடம். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2018இல் மேற்கு வங்கம் அதற்கு ஆட்சிமொழித் தகுதி கொடுத்தது. அந்தத் தகுதி கோப்பிலேயே நிற்காமல் முதல் வகுப்புப் பிள்ளையின் புத்தகம் வரை போக வேண்டும். தாய்மொழியின் பெயரைச் சொல்லி இந்த மாவட்டத்தை வாங்கிக்கொண்ட மாநிலத்துக்கு, அதே மாவட்டத்துக்காரர்கள் இன்னொரு தாய்மொழிக்காக வந்து நின்றால் சாக்குச் சொல்ல உரிமை கிடையாது.